பழைய பிரிட்டிஷ் விமான விளம்பரத்திலிருந்து போர்க்காலப் பதிவேடு வரை: இணையக் காப்பகங்களில் தேடத் தொடங்குவோருக்கு

இணையத்தில் சுற்றும் பழைய விமான விளம்பரப் படங்களில் பலவற்றுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. எந்த இதழில் வந்தது, எந்த வாரம் வந்தது, படத்தில் பறக்கும் விமானம் நிஜமாகவே இருந்ததா என்று எதுவும் தெரியாது. இதழிலிருந்து கத்தரித்து விற்றவர் போட்ட ஆண்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்; அதையும் நம்ப முடியாது. அப்படிப்பட்ட ஒரு படத்தை அது வெளிவந்த இதழில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அங்கிருந்து அந்த விமானத்தை ஓட்டிய ஸ்குவாட்ரனின், அதாவது விமானப்படைப் பிரிவின், அன்றாடப் பதிவேடு வரை போவதும் எப்படி என்று இங்கே பார்க்கலாம். இதில் நம்பத்தக்க பிடிமானம் இரண்டுதான்: தேதி, விமானத்தின் எண். மற்ற எல்லாமே பிறகு சரிபார்க்க வேண்டியவை.

இங்கே தமிழில் எழுதியிருக்கும் பெயர்களைக் காப்பகங்களின் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலையே பயன்படுத்துங்கள். ‘ஏரோப்ளேன்’ என்ற சொல்லுக்கு அமெரிக்கர்கள் எழுதும் வடிவத்தைத் தட்டினால் பாதி முடிவுகள் வராமலே போகும்.

எங்கே தேடுவது

பிரிட்டிஷ் விமானத் துறை விளம்பரங்களின் ஊற்று முக்கியமாக இரண்டு வார இதழ்கள். ஒன்று 1909-ல் தொடங்கிய ‘ஃப்ளைட்’. இன்னொன்று 1911-ல் சி. ஜி. கிரே தொடங்கிய ‘தி ஏரோப்ளேன்’. விமானம் கட்டியவர்கள் மட்டும் இவற்றில் விளம்பரம் செய்யவில்லை. டயர், ஸ்பார்க் பிளக், சிறகுத் துணியை இறுக்கப் பூசும் டோப், பாராசூட், எஞ்சின் எண்ணெய், உயரமானி என்று உதிரிப் பொருள் விற்றவர்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். உண்மையில் ஆராய்ச்சிக்கு அதிகம் உதவுவது இந்த உதிரிக்காரர்களின் விளம்பரங்கள்தான். எந்த விமானத்தில் எந்தப் பாகம் இருந்தது என்பதை அவர்கள்தான் பெருமையோடு வெளியே சொன்னார்கள்.

முதலில் ‘ஏவியேஷன் ஆன்செஸ்ட்ரி’ என்ற தளத்துக்குப் போங்கள். 1909 முதல் 1990 வரையிலான பிரிட்டிஷ் விமான விளம்பரங்களுக்கென்றே உள்ள தரவுத்தளம் அது. அடுத்தது ‘கிரேசஸ் கைடு’. பிரிட்டிஷ் தொழில் நிறுவனங்களின் வரலாற்றை நிறுவனத்துக்கு ஒரு பக்கமாகத் தொகுத்திருக்கிறார்கள். எந்தக் கம்பெனி எப்போது பெயர் மாறியது, எதை விழுங்கியது என்பதை அங்கே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். மூன்றாவது ‘இன்டர்நெட் ஆர்கைவ்’. ‘ஃப்ளைட்’ இதழின் பல ஆண்டுத் தொகுதிகளை முழு இதழாகவே அங்கே புரட்டலாம்.

பழைய கட்டுரைகளின் அடிக்குறிப்புகளில் ‘ஃப்ளைட்குளோபல்’ காப்பகத்துக்கான இணைப்புகள் ஏராளமாக இருக்கும். ‘ஃப்ளைட்’ இதழின் பக்கங்களைப் பல ஆண்டுகள் இலவசமாகத் தந்த காப்பகம் அது, பிறகு எடுத்துவிட்டார்கள். இணைப்பு செத்துவிட்டது என்று அதைத் தள்ளிவிடாதீர்கள். முகவரியின் கடைசியில் ஆண்டும், ஒரு கோடும், நான்கு இலக்க எண்ணும் இருக்கும். ஆண்டு சரியானது. நான்கு இலக்கம் இதழின் பக்க எண் அல்ல, அந்த ஆண்டின் ஸ்கேன் வரிசை எண். அதை ஆண்டின் மொத்தப் பக்கங்களோடு ஒப்பிட்டால் எந்த மாதத்து இதழைப் புரட்ட வேண்டும் என்று கணிக்கலாம். அதே முகவரியை, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேர்த்துவைக்கும் ‘வேபேக் மெஷின்’ பெட்டியிலும் ஒட்டிப் பாருங்கள். சில பக்கங்கள் அங்கே பிழைத்திருக்கின்றன.

தேடும் முன் ஒரு அட்டவணை

ஒரு விரிதாளைத் திறந்து இந்தக் கட்டங்களைப் போடுங்கள்: இதழ் தேதி, இதழ் பெயர், அச்சிட்ட பக்க எண், ஸ்கேன் எண், விளம்பரதாரர், பொருள், படத்தில் தெரியும் விமான எண், இணைப்பு, பார்த்த நாள். கடைசியாக இன்னொரு கட்டம் சேர்த்து அதில் ‘நேரில் பார்த்தது’ அல்லது ‘பிறர் சொன்னது’ என்று குறியுங்கள். இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, தேதி இதழிலிருந்து எடுத்ததா, யாரோ படத்தின் கீழ் எழுதியதா என்று தெரியாமல் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும்.

அச்சிட்ட எண்ணையும் ஸ்கேன் எண்ணையும் தனித்தனியாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்டர்நெட் ஆர்கைவில் பக்க முகவரியில் ‘என்’ என்ற எழுத்தோடு வரும் எண் ஸ்கேன் வரிசையைக் குறிப்பது. அட்டையும் அதில் சேர்த்தி. இதழ்களிலோ விளம்பரப் பக்கங்களுக்குக் கட்டுரைப் பக்கங்களோடு சேராத தனி எண்வரிசை இருப்பதுண்டு. ஒரே இதழில் 12 என்ற எண் இரண்டு பக்கங்களில் இருக்கலாம்.

விளம்பரத்தைத் தேடிப் பிடித்தல்

பெயரில்தான் முதல் தடுமாற்றம் வரும். நமக்குத் தெரிந்த பெயரில் கம்பெனி அந்த ஆண்டு விளம்பரம் செய்திருக்காது. சூப்பர்மரீன் 1913-ல் பெம்பர்ட்டன் பில்லிங் என்ற பெயரில் பிறந்தது. 1916-ல் சூப்பர்மரீன் ஏவியேஷன் வொர்க்ஸ் ஆனது. 1928-ல் விக்கர்ஸ் வாங்கியது. பிரிஸ்டல் கம்பெனி 1920 வரை பிரிட்டிஷ் அண்ட் கலோனியல் ஏரோப்ளேன் கம்பெனி. ஹாக்கர் 1920-ல் சாப்வித் கம்பெனியின் இடிபாட்டிலிருந்து எச். ஜி. ஹாக்கர் எஞ்சினியரிங் என்று எழுந்து, 1933-ல் ஹாக்கர் ஏர்கிராஃப்ட் ஆனது. மைல்ஸ் விமானங்களை 1943 வரை விற்றது ஃபிலிப்ஸ் அண்ட் போவிஸ். ‘மைல்ஸ் ஏர்கிராஃப்ட்’ என்று 1938 இதழ்களில் தேடிக் கிடைக்கவில்லை என்று சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கியிருப்பார்கள். எனவே தேடலுக்கு முன்பே அந்த ஆண்டில் கம்பெனியின் பெயர் என்ன, ஆலை எந்த ஊர் என்று கிரேசஸ் கைடில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடுமாற்றம் ஓ.சி.ஆர்., ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தைக் கணினி படித்துத் தேடத்தக்கதாக மாற்றும் முறை. கட்டுரைப் பத்திகளை அது ஓரளவு சரியாகப் படிக்கும், விளம்பரத்தைப் படிக்காது. சாய்ந்த எழுத்து, கையால் வரைந்த தலைப்பு, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து எல்லாம் அதற்குக் குப்பையாகத்தான் தெரியும். பெரிய தலைப்பை விட்டுவிட்டு விளம்பரத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் முகவரியைத் தேடுங்கள். ஆலை இருந்த ‘ஸ்டாக் லேன்’ என்று தட்டினால் டி ஹாவிலாண்ட் விமானக் கம்பெனியின் 1920-களின் விளம்பரங்கள் வரும். பிறகு ஆலை ஹாட்ஃபீல்டுக்குப் போனது. தந்தி முகவரியும் நல்ல தூண்டில். ‘டி ஹாவிலாண்ட்’ என்பதை ஒரே சொல்லாகவும், இடைவெளி விட்டும், ‘ஹாவிலாண்ட்’ என்று மட்டும், மூன்று விதமாகவும் தேட வேண்டும்.

மூன்றாவது சிக்கலுக்கு மருந்தே இல்லை. நூலகங்கள் வார இதழ்களைத் தொகுதியாகக் கட்டும்போது அட்டைகளையும் விளம்பரத் தாள்களையும் கிழித்துப் போடுவது வழக்கமாக இருந்தது. கட்டுரைதான் அறிவு, விளம்பரம் குப்பை என்பது அன்றைய எண்ணம். அப்படிக் கட்டிய தொகுதியிலிருந்து ஸ்கேன் எடுத்திருந்தால் நீங்கள் தேடும் பக்கம் அதில் இருக்கவே இருக்காது. சோதித்துப் பார்ப்பது சுலபம். ஓர் இதழின் தேதி மாறும் இடத்துக்குப் போங்கள். முந்தைய இதழின் கடைசிக் கட்டுரைப் பக்கமும் அடுத்த இதழின் முதல் கட்டுரைப் பக்கமும் இடைவெளியின்றி ஒட்டியிருந்தால் விளம்பரங்கள் போய்விட்டன என்று அர்த்தம். அந்தத் தொகுதியை விட்டு வேறு நகலைத் தேடுங்கள்.

படம் தெளிவாக வேண்டுமென்றால் பி.டி.எஃப். கோப்பை நம்ப வேண்டாம். அது அழுத்திச் சுருக்கியது. பதிவிறக்கப் பட்டியலில் ஜே.பி.2 என்ற வகை இருக்கும். அளவு நூற்றுக்கணக்கான மெகாபைட் இருக்கலாம். ஒரே பக்கம்தான் தேவை என்றால் திரையில் முழுதாகப் பெரிதாக்கிவிட்டு அந்தப் பக்கத்தின் படத்தை மட்டும் சேமியுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உங்கள் திரையின் தெளிவுதான் கிடைக்கும், ஸ்கேனின் தெளிவு கிடைக்காது.

போர்க்கால விளம்பரத்தை எப்படிப் படிப்பது

1939 செப்டம்பருக்குப் பிறகு போர் விமானத்தை வாங்குவது அரசு ஒன்றுதான். பொதுமக்களுக்கு விற்க எதுவும் இல்லை. பிறகு ஏன் விளம்பரம்? கம்பெனியின் பெயர் மறந்துபோகக் கூடாது என்பதற்காக. போர் முடிந்ததும் வரப்போகும் சந்தைக்காக. அதனால்தான் அந்த விளம்பரங்களில் விலை இருக்காது, எடை, வேகம் போன்ற புள்ளிவிவரங்களும் அரிது. வீரமும் நம்பிக்கையும் மட்டும் தாராளமாக இருக்கும். இவற்றைத் தொழில்நுட்ப ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தேதியிலும் கவனம் தேவை. ஒரு விமானம் விளம்பரத்தில் முதலில் தோன்றிய நாளுக்கும் அது படையில் சேர்ந்த நாளுக்கும் இடையில் தணிக்கை நிற்கிறது. டி ஹாவிலாண்ட் மஸ்கிட்டோ முதலில் பறந்தது 1940 நவம்பர் 25. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே உளவுப் பறப்புக்குப் போய்விட்டது. ஆனால் அப்படி ஒரு விமானம் இருப்பதைப் பொதுமக்களுக்குச் சொன்னது 1942 செப்டம்பர் 25 அன்று ஆஸ்லோவில் குண்டு வீசிய பிறகுதான். ஜெட் விமானத்தில் இடைவெளி இன்னும் பெரிது. குளோஸ்டர் ஈ.28/39 பறந்தது 1941 மே 15. செய்தி வெளியே விட்டது 1944 ஜனவரி. ஆகவே 1941 என்று தேதியிட்ட ஒரு மஸ்கிட்டோ விளம்பரம் உங்களிடம் வந்தால் தேதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

படத்தையும் அப்படியே நம்பக் கூடாது. புகைப்படமாக இருந்தால் ரேடார் ஏரியல்களையும் எண்களையும் தூரிகையால் அழித்திருப்பார்கள். ஓவியமாக இருந்தால் ஓவியர் விருப்பப்பட்ட எழுத்துகளை உடற்பகுதியில் எழுதியிருக்கலாம். போர் முடிந்த பிறகு, பழைய சாதனையைச் சொல்லி வந்த விளம்பரங்களும் உண்டு. அவற்றைப் போர்க்கால விளம்பரம் என்று பதிவு செய்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

போருக்கு முந்தைய விளம்பரங்களில் தேதி காண்பது இதைவிட எளிது. சாதனைப் பறப்பு நடந்த உடனே உதிரிக்காரர்கள் ‘எங்கள் பொருள்தான் அதில் இருந்தது’ என்று வரிசையில் வருவார்கள். பிரிட்டிஷ் விமானி ஏமி ஜான்சன் தன் ஜிப்சி மாத் விமானத்தில் 1930 மே 5 அன்று கிராய்டனிலிருந்து கிளம்பி மே 24 அன்று டார்வினில் இறங்கினார். அதைப் பற்றிய விளம்பரத்தைத் தேடுகிறவர் மே கடைசியிலிருந்து ஜூன் முடிய உள்ள இதழ்களை முதலில் புரட்டினால் போதும்.

எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்

விமானத்தின் உடலில் இரண்டு விதமான அடையாளங்கள் இருக்கும். பயணிகள், கிளப் விமானங்களுக்கு ‘ஜி’ என்று தொடங்கும் பதிவு எழுத்துகள். 1919-லிருந்து ஜி-ஈ வரிசையும், 1928-லிருந்து ஜி-ஏஏஏஏ வரிசையும் வந்தன. ஏமி ஜான்சனுடையது ஜி-ஏஏஏஎச். பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் நடத்தும் ‘ஜி-இன்ஃபோ’ தரவுத்தளத்தில் இந்த எழுத்துகளைத் தட்டினால் கையால் எழுதிய பழைய பதிவேட்டுப் பக்கத்தின் ஸ்கேன் கிடைக்கும். உரிமையாளர், பதிவு நாள், நீக்கிய நாள் எல்லாம் அதில் இருக்கும். பதிவு நாளுக்கு முன்னால் அந்த விளம்பரம் வந்திருக்க முடியாது. இப்படித் தேதிக்கு ஒரு முனையில் எல்லை கிடைத்துவிடுகிறது.

படை விமானங்களுக்குத் தொடர் எண். ஒரு எழுத்தும் நான்கு இலக்கமும்: முதல் ஸ்பிட்ஃபயர் கே 5054, பறந்தது 1936 மார்ச் 5. இசட் வரை வந்ததும் 1940-ல் ஏஏ 100 என்று இரண்டு எழுத்து வரிசை தொடங்கியது. இதில் இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். ‘ஐ’, ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்துகளை எண்களோடு குழம்பும் என்று பயன்படுத்தவில்லை, ஓ.சி.ஆர். அவற்றைக் காட்டினால் அது ஒன்றும் பூஜ்யமும்தான். வரிசையில் வேண்டுமென்றே எண்களை விட்டுவிட்டுக் கொடுத்தார்கள், எதிரி உற்பத்தியைக் கணக்கிடாதிருக்க. எண்ணைக் கழித்து ‘இத்தனை விமானம் கட்டினார்கள்’ என்று சொல்லக் கிளம்பினால் எதிரிக்கு வைத்த பொறியில் நாம் விழுவோம்.

பெரிதாக எழுதியிருக்கும் இரண்டு எழுத்துகள் ஸ்குவாட்ரனின் குறியீடு, தனியாக நிற்கும் எழுத்து அந்த விமானத்துக்கு உரியது. போர் தொடங்கியபோது இந்தக் குறியீடுகளை மாற்றிவிட்டார்கள். எனவே 1939 கோடைப் படத்துக்கு 1940 பட்டியலைப் பார்க்காதீர்கள். ஒரு விமானம் விழுந்தால் அதன் எழுத்தை அடுத்து வந்த விமானத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். குறியீட்டை மட்டும் வைத்து விமானத்தை அடையாளம் சொல்ல முடியாது; தொடர் எண் வேண்டும்.

பதிவேட்டுக்குள் நுழைதல்: 264-ஆம் ஸ்குவாட்ரன்

லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் அட்டவணைக்கு ‘டிஸ்கவரி’ என்று பெயர். விமானப்படை ஆவணங்களுக்கு ‘ஏர்’ என்ற முன்னொட்டு. தொடக்கத்தில் நான்கு வரிசைகள் தெரிந்தால் போதும்: ‘ஏர் 27’ ஸ்குவாட்ரன்களின் செயல்பாட்டுப் பதிவேடுகள், ‘ஏர் 28’ விமான நிலையங்களின் பதிவேடுகள், ‘ஏர் 50’ விமானிகள் இறங்கியதும் எழுதிய சண்டை அறிக்கைகள், ‘ஏர் 81’ உயிரிழப்புக் கோப்புகள்.

பழகுவதற்கு 264-ஆம் ஸ்குவாட்ரனை எடுத்துக்கொள்வோம். அதன் முழுப்பெயர் 264 (மெட்ராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன். சென்னை மாகாணத்திலிருந்து போன போர் நன்கொடைக்காகச் சூட்டிய பெயர். 79, 234 ஆகிய ஸ்குவாட்ரன்களுக்கும் இதே பெயர் உண்டு. 264 ஓட்டியது வுல்வர்ஹாம்ப்டனில் போல்டன் பால் கம்பெனி கட்டிய டிஃபயன்ட். விமானிக்கு முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி கிடையாது. அவருக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு பிரௌனிங் துப்பாக்கிகளோடு இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். சண்டை விமானங்கள் துணைக்கு வராத குண்டுவீச்சு விமானங்களைப் பக்கவாட்டில் போய்ச் சுடலாம் என்ற கணக்கு. அவை துணைக்கு வந்தபோது கணக்கு பொய்த்தது.

படிகள் இப்படி. முதலில் காப்பகத் தளத்தில் கணக்குத் தொடங்கி உள்நுழையுங்கள். எண்ணிமமாக்கிய கோப்புகள் பலவற்றைக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரம்புக்குள் இலவசமாகத் தருகிறார்கள். வரம்பும் விதியும் மாறக்கூடியவை, பதிவிறக்கும் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மேம்பட்ட தேடலில் எண்ணையும் ‘ஸ்குவாட்ரன்’ என்ற சொல்லையும் போட்டு, வரிசை இடத்தில் ‘ஏர் 27’, ஆண்டு 1940 என்று குறியுங்கள். முடிவுகள் மாதம் மாதமாக வரும். ஒரு மாதத்துக்கு இரண்டு கோப்பு இருக்கும். இரண்டையும் எடுக்க வேண்டும். ஒன்று படிவம் 540, அன்றன்று நடந்தவற்றின் சுருக்கம். மற்றது படிவம் 541, எந்த விமானம், எந்தத் தொடர் எண், யார் யார் ஏறினார்கள், எப்போது கிளம்பி எப்போது இறங்கினார்கள் என்ற விவரம். புதிதாக வருபவர்கள் 540-ஐ மட்டும் எடுத்துவிட்டு ‘எண்ணே இல்லையே’ என்பார்கள்.

மே 1940 கோப்பில் 29-ஆம் தேதியைப் பாருங்கள். டன்கர்க் கடற்கரைக்கு மேல் அன்று இரண்டு சுற்றுப் பறப்புகளில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக ஸ்குவாட்ரன் உரிமை கோரியது. அது அன்றே பெரிய செய்தியாயிற்று. ஜெர்மன் தரப்பு இழப்புப் பட்டியல்களோ அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. யாரும் பொய் சொன்னார்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே விமானத்தை மூன்று டிஃபயன்டின் சுடுநர்கள் ஒரே சமயத்தில் சுடுவார்கள். அது புகைந்து கீழே போவதை மூவரும் பார்ப்பார்கள், மூவரும் எழுதுவார்கள். ‘ஏர் 50’ அறிக்கைகளை அருகருகே வைத்து நேரத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டால் இது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். பதிவேட்டில் உள்ளது உரிமைகோரல். உங்கள் அட்டவணையிலும் அந்தச் சொல்லையே எழுதுங்கள்.

பிறகு ஆகஸ்ட் கோப்பு. ஹார்ன்சர்ச் பகுதியில் மாதக் கடைசியில் சில நாள்களே சண்டையிட்ட ஸ்குவாட்ரன் பலத்த இழப்போடு 28-ஆம் தேதிக்குப் பின் வடக்கே திரும்பியது. தலைமை தாங்கிய ஃபிலிப் ஹண்டர் 24-ஆம் தேதி எதிரி விமானத்தைத் துரத்திப் போனவர் திரும்பவில்லை. இந்த இரண்டு கோப்புகளையும் படித்துவிட்டு 1940 கோடை, இலையுதிர்கால இதழ்களில் போல்டன் பால் விளம்பரங்களைப் புரட்டிப் பாருங்கள். விளம்பரத்தின் தொனிக்கும் படிவம் 541-இன் ‘திரும்பவில்லை’ என்ற குறிப்புக்கும் உள்ள தூரம்தான் இந்த வேலையின் சாரம்.

பதிவேட்டிலும் பிழை உண்டு. மாதக் கடைசியில் யாரோ ஒருவர் துண்டுத்தாள்களைப் பார்த்துத் தட்டச்சு செய்தது அது. தொடர் எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். நேற்று விழுந்த விமானம் இன்றும் பறந்ததாக இருக்கும். நேரமும் குழப்பும். 1940 பிப்ரவரி 25-லிருந்து பிரிட்டிஷ் கடிகாரங்களைக் குளிர்காலத்திலும் ஒரு மணி முன்னதாகவே வைத்திருந்தார்கள். 1941 மே முதல் கோடையில் இரண்டு மணி முன்னதாக. நேரத்துக்குப் பின்னால் ‘இசட்’ என்ற எழுத்து இருந்தால் கிரீன்விச் நேரம், ‘ஏ’ ஒரு மணி, ‘பி’ இரண்டு மணி கூட. எழுத்து இல்லாவிட்டால் அந்த நிலையத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும்.

இலங்கையிலிருந்து தேடுபவர்களுக்கும் இதே வழிதான். 1942 ஏப்ரல் 5 கொழும்புத் தாக்குதலுக்கு 258 (ரேஸ்கோர்ஸ்), 30 (ரத்மலானை) ஸ்குவாட்ரன்கள். ஏப்ரல் 9 திருகோணமலைக்கு சீனக்குடாவில் இருந்த 261. சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியில் கேட்டலினா பறக்கும் படகுகளை வைத்திருந்தது 240. ‘ஏர் 27’ ஸ்குவாட்ரன் எண்படி அடுக்கியது. ஊர்ப்பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. ஊரிலிருந்து தொடங்க வேண்டுமானால் ‘ஏர் 28’.

ஆளைத் தேடுவது

இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளம். குடும்பப்பெயரும், படை ‘விமானப்படை’ என்றும், ஆண்டும் போதும். முதல் பெயரை முழுதாகத் தட்டாதீர்கள்; பல பதிவுகளில் தலைப்பெழுத்து மட்டுமே உண்டு. உடல் கிடைக்காதவர்கள் நினைவுச்சின்னங்களில் இருப்பார்கள். பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து காணாமல் போனவர்கள் ரன்னிமீடில், 20,000-க்கும் மேற்பட்ட பெயர்கள். ஹண்டர் பெயரும் அங்கே. தென்கிழக்கு ஆசியாவில் காணாமல் போனவர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில்.

இரவுக் குண்டுவீச்சில் ஒரு நாள் பிசகு சாதாரணம். நியூரம்பர்க் தாக்குதல் 1944 மார்ச் 30 இரவு தொடங்கி 31 காலையில் முடிந்தது. ஒரே விமானத்தில் இறந்த ஏழு பேரில் சிலருக்கு 30, சிலருக்கு 31 என்று பதிந்திருக்கலாம். எப்போதும் இரண்டு நாள்களையும் தேடுங்கள். குண்டுவீச்சுப் படைக்கு லிங்கனில் உள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையத்தின் இழப்புத் தரவுத்தளம் மிக நல்லது. இறந்தவர்கள் 55,573 பேர் என்று வழக்கமாகச் சொல்லும் எண்ணைவிட அதில் பெயர்கள் அதிகம். தரைப்பணியாளர் உள்ளிட்டோரையும் சேர்த்து, கணக்கெடுக்கும் எல்லையை விரித்திருக்கிறார்கள்.

பதக்கம், பதவி உயர்வுக்கு பிரிட்டிஷ் அரசிதழான ‘லண்டன் கெசட்’, இலவசம். ஆனால் இணைப்பிதழின் மேல் இரண்டு தேதிகள் இருக்கும்; எதை எடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘ஏர் 81’ கோப்புகளில் பெரும்பாலானவற்றைத் திரையில் படிக்க முடியாது. என்றாலும் அட்டவணைக் குறிப்பிலேயே பெயர், விமானம், தொடர் எண், நாள் இருப்பதால் கோப்பைத் திறக்காமலே பாதி வேலை முடிந்துவிடும். விமானிச் சான்றிதழ் அட்டைகளும் புகைப்படங்களும், 1910 முதல் 1950 வரை ராயல் ஏரோ கிளப் கொடுத்தவை, ‘ஆன்செஸ்ட்ரி’ என்ற வம்சாவளித் தளத்தில் (‘ஏவியேஷன் ஆன்செஸ்ட்ரி’ அல்ல) கட்டணத்துக்கு.

செய்தித்தாள்களில் பணம் செலவழிக்கும் முன் ஆஸ்திரேலியாவின் ‘ட்ரோவ்’, நியூசிலாந்தின் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’, சிங்கப்பூரின் ‘நியூஸ்பேப்பர்எஸ்ஜி’ மூன்றையும் பாருங்கள். லண்டனிலிருந்து தந்தியில் வந்த அதே செய்திகளை அங்கும் அச்சிட்டார்கள். பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகத்தில் தேடுவது இலவசம், பக்கத்தைத் திறக்கத்தான் காசு. முதலில் தேடி, தேதிகளைக் குறித்துச் சேர்த்துவைத்து, ஒரே மாதச் சந்தாவில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

சேமிப்பும் உரிமையும்

கோப்புப் பெயரை ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்குங்கள். பிறகு இதழ், பக்கம், விளம்பரதாரர். கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். பார்த்த பக்கத்தை அன்றே வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள்.

வெளியிடுவதற்கு முன் பதிப்புரிமை. பிரிட்டிஷ் சட்டப்படி, வரைந்தவர் யாரென்றே தெரியாத விளம்பரத்துக்கு வெளிவந்து 70 ஆண்டு. கையெழுத்து இருந்தால் ஓவியர் இறந்த ஆண்டிலிருந்து 70. டி ஹாவிலாண்டுக்கு வரைந்த ஃபிராங்க் வூட்டன் இறந்தது 1998-ல். அவர் ஓவியம் 2068 முடியும் வரை காப்பில் இருக்கிறது, விளம்பரம் எவ்வளவு பழையதானாலும். எனவே மூலையில் உள்ள கையெழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் வெளியிட வேண்டாம். அரசுப் புகைப்படக்காரர்கள் 1957 ஜூன் 1-க்கு முன் எடுத்த படங்களுக்கு அரச பதிப்புரிமை, படம் எடுத்த 50 ஆண்டில் தீர்ந்தது. இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் ‘சிஎச்’ எண்ணுள்ள படங்கள் பல இந்த வகை. ஆனாலும் அவர்கள் தளத்திலிருந்து எடுக்கும் நகலுக்கு அவர்கள் போடும் நிபந்தனையைப் படித்துக்கொள்ளுங்கள்.

சில ஆவணங்கள் இணையத்துக்கு வரவே இல்லை. விமானங்களின் இடமாற்ற அட்டைகளான படிவம் 78, விபத்து அட்டைகளான படிவம் 1180 ஆகியவை ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில்தான். இரண்டாம் உலகப் போர் வீரர்களின் தனிப்பட்ட பணிக்கோப்புகள் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து கியூவுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு எழுதிக் கேட்கும்போது ‘டிஃபயன்ட் பற்றி ஏதாவது இருக்கிறதா’ என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். விமானத்தின் தொடர் எண், நாள், ஸ்குவாட்ரன், நீங்கள் ஏற்கெனவே பார்த்த கோப்பின் எண் நான்கையும் முதல் வரியிலேயே கொடுங்கள்.